குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிய பிறகு மேல்முறையீடு செய்ய முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 2021-ல் ஊர்த் திருவிழாவில் நடந்த கைகலப்பில் உங்கள் தம்பி உட்பட நான்கு பேர் மேல் வழக்குப் போட்டார்கள். இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி) (ஆபாசமாகத் திட்டுவது), 323 (அடித்துக் காயப்படுத்துவது), 506(1) (மிரட்டுவது) என்று மூன்று பிரிவுகள். 2022-ல், தம்பிக்கு 20 வயது இருக்கும்போது, திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நால்வரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆளுக்கு 2,500 ரூபாய் அபராதம் கட்டினார்கள். "ஒத்துக்கிட்டா இன்னைக்கே முடிஞ்சிடும், இல்லைன்னா ரெண்டு மூணு வருஷம் அலையணும்" என்று வக்கீல் சொன்னதைக் கேட்டுச் செய்தது. இப்போது தம்பி குரூப் 4-ல் தேர்வாகி, பணியில் சேருவதற்கு முந்தைய போலீஸ் சரிபார்ப்பில் அந்த வழக்கு வெளியே வந்திருக்கிறது. "அப்பீல் போட்டு இதை ரத்து பண்ண முடியுமா?" என்று கேட்கிறீர்கள். கேட்டிருப்பது அப்பீலைப் பற்றி. ஆனால் உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது, அந்த ஒரு நாள் கையெழுத்து தம்பியின் வேலையைப் பறிக்காமல் பார்த்துக்கொள்ள வழி. இரண்டுக்கும் பதில் வேறு. அதனால் இரண்டையும் பிரித்தே எழுதுகிறேன். பல வருடங்களாக மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் செஷன்ஸ் கோர்ட்டிலும் குற்ற வழக்குகள் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். தம்பியின் வழக்குக் கோப்பை நான் பார்க்கவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதி. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 375-ஆவது பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 416-ஆவது பிரிவு, இரண்டும் ஒன்றையேதான் சொல்கின்றன. ஒருவர் தானே குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதன் பேரில் தண்டிக்கப்பட்டால், "நான் குற்றவாளி இல்லை" என்று மேல்முறையீடு செய்ய முடியாது. தண்டித்தது உயர் நீதிமன்றமாக இருந்தால் மேல்முறையீடே கிடையாது. செஷன்ஸ் கோர்ட்டோ மாஜிஸ்திரேட்டோ தண்டித்திருந்தால், தண்டனையின் அளவு அதிகம் என்றோ, அந்தத் தண்டனை சட்டப்படி செல்லாது என்றோ மட்டும் மேல்முறையீடு செய்யலாம். பழைய சட்டமா புதிய சட்டமா என்று சிலர் குழம்புவார்கள். இந்த விஷயத்தில் இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் உங்களுக்கு அதனால் பெரிய வித்தியாசம் இல்லை.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த வாக்குமூலம் வேறு, கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்வது வேறு. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அதைக் கொடுத்தவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவிலிருந்து இன்று வரை தொடரும் விதி. "ஸ்டேஷன்ல மிரட்டி எழுதி வாங்கினாங்க" என்று பலர் சொல்வது இந்த வகை. உங்கள் தம்பியின் விஷயம் அது இல்லை. மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டின் விவரத்தைச் சொல்லி "குற்றவாளி என்று ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்டு, அதற்குச் சொன்ன பதில் இது. 375 தடுப்பது இதைத்தான்.

இப்போது அதே சட்டத்துக்குள் இருக்கும் வழியைப் பார்ப்போம். அந்தப் பிரிவு தடுப்பது, ஒருவர் உண்மையிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு அதன் பேரில் தண்டிக்கப்பட்ட வழக்குகளை. அன்றைக்குக் கோர்ட்டில் நடந்தது சட்டம் சொல்லும் ஒப்புக்கொள்ளலே இல்லை என்றால்? அப்போது தடையும் விழாது என்ற வாதத்தை உயர் நீதிமன்றங்கள் பல வழக்குகளில் ஏற்றிருக்கின்றன. ஒப்புக்கொண்ட விஷயங்களைக் கூட்டிப் பார்த்தால் அந்தக் குற்றமே வராது என்ற நிலை, மொழி புரியாமல் தலையாட்டிய நிலை, குற்றச்சாட்டே விளக்கப்படாத நிலை எல்லாம் இதில் வரும். ஆக, இந்த மாதிரி வழக்கில் எல்லாமே அன்றைக்கு மாஜிஸ்திரேட் தன் கோப்பில் என்ன எழுதினார் என்பதில் போய் நிற்கிறது. வக்கீல் சொன்னது, நீங்கள் வெளியே நின்று கேட்டது, தம்பி மனதில் நினைத்தது எல்லாம் இரண்டாம் பட்சம்.

தம்பி மேல் போட்ட மூன்று பிரிவுகளையும் பாருங்கள். 294(பி)-க்கு அதிகபட்சம் மூன்று மாதம், 323-க்கு ஒரு வருடம், 506-இன் முதல் பகுதிக்கு இரண்டு வருடம். இரண்டு வருடத்தைத் தாண்டாததால் இது சம்மன்ஸ் வழக்கு. சம்மன்ஸ் வழக்கில் ஒப்புக்கொள்வதைப் பதிவு செய்யும் முறையை பழைய சட்டத்தின் 252-ஆவது பிரிவு சொல்கிறது. புதிய சட்டத்தில் அது 275. குற்றம் சாட்டப்பட்டவர் சொன்ன வார்த்தைகளை, முடிந்த மட்டும் அவர் சொன்ன வார்த்தைகளிலேயே, மாஜிஸ்திரேட் எழுத வேண்டும் என்கிறது அது. இது சும்மா சம்பிரதாயம் இல்லை. சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன மஹந்த் கௌசல்யா தாஸ் வழக்கில் (1966-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது) இதே விதியின் பழைய வடிவமான 1898-ஆம் வருடச் சட்டத்தின் 243-ஐ எடுத்துக்கொண்டு, இது கட்டாயமான விதி, மீறினால் தண்டனை நிற்காது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் மதராஸ் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வந்த வழக்குதான். ஒருவர் ஒப்புக்கொண்டால் மேல்முறையீட்டு உரிமையே போய்விடுகிறது. அதனால்தான் அவர் என்ன சொன்னார் என்பது அப்படியே காகிதத்தில் இருக்க வேண்டும் என்பதே இதன் பின்னால் இருக்கும் நியாயம்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? கோர்ட்டில் ஒரே காலையில் குவிந்து கிடக்கும் சின்ன வழக்குகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெயர் கூப்பிடுவார்கள், நால்வரும் கூண்டுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்பார்கள், "ஒத்துக்கறீங்களா?" என்று ஒரே கேள்வி, நான்கு தலையாட்டல். கோப்பில் "ஏ1 முதல் ஏ4 வரை குற்றத்தை ஒப்புக்கொண்டனர்" என்று ஒற்றை வரி. சில கோப்புகளில் அச்சடித்த படிவம், அதில் கோடிட்ட இடத்தில் ஒரு டிக். அப்படிப்பட்ட பதிவு உங்கள் தம்பியின் கோப்பில் இருந்தால், ஒவ்வொருவர் சொன்னதையும் தனித்தனியே அவரவர் வார்த்தையில் எழுதவில்லை என்ற வாதம் நல்ல பலமுள்ளது. மாறாக, "குற்றச்சாட்டு விளக்கப்பட்டது, புரிந்துகொண்டேன் என்றார், நான் அவரை அடித்தது உண்மை, மன்னிக்க வேண்டும் என்றார்" என்று எழுதி, தம்பி கையெழுத்தும் போட்டிருந்தால், அந்த வாதத்துக்கு அநேகமாக இடமில்லை. எஸ்.டி.சி. எண் போட்ட சுருக்க விசாரணை வழக்காக இருந்தால் பதிவு இன்னும் சுருக்கமாக இருக்கும். ஆனாலும் அடிப்படையில் சம்மன்ஸ் வழக்கு நடைமுறைதான் அதற்கும்.

"அப்படி நான் சொல்லவே இல்லை என்று அஃபிடவிட் போட்டால் போதாதா?" என்று அடுத்து கேட்பீர்கள். போதாது. கோர்ட்டில் என்ன நடந்தது என்று நீதிபதி எழுதிவைத்ததே இறுதி என்பது 1982-ல் ராம்தாஸ் ஸ்ரீனிவாஸ் நாயக் வழக்கில் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொன்ன சட்டம். பதிவு தவறு என்றால் சம்பவம் நினைவில் இருக்கும்போதே அதே நீதிபதியிடம் போய்ச் சொல்ல வேண்டும், வருடங்கள் கழித்து மேல் கோர்ட்டில் மறுத்துப் பேசக் கூடாது. அதனால் பதிவுக்கு எதிராக மல்லுக்கட்டுவதில் பயனில்லை. பதிவிலேயே இருக்கும் ஓட்டையைத்தான் பிடிக்க வேண்டும்.

வக்கீல் சொன்னதை நம்பி ஒப்புக்கொண்டதைப் பற்றி. அரசுத் தரப்போ கோர்ட்டோ "ஒப்புக்கொண்டால் குறைவாகக் கொடுப்போம்" என்று ஆசை காட்டி வாங்கிய ஒப்புதலை உச்ச நீதிமன்றம் கடுமையாகப் பார்த்திருக்கிறது. குஜராத்திலிருந்து வந்த உணவுக் கலப்பட வழக்கான காசம்பாய் வழக்கில் (1980), அப்படி வாங்கிய ஒப்புதலின் பேரில் தண்டிப்பது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவுக்கே விரோதம் என்றார்கள். கர்நாடகத்திலிருந்து வந்த திப்பசாமி வழக்கில் (1983), சின்ன தண்டனை கிடைக்கும் என்று ஒப்புக்கொண்டவருக்கு மேல் கோர்ட் தண்டனையைக் கூட்டியபோது, அது நியாயமே இல்லை, அவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்து வழக்கைத் திரும்ப விசாரணைக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். ஆனால் உங்கள் தம்பிக்கு ஆசை காட்டியது அவருடைய சொந்த வக்கீல். அவருக்குக் கிடைத்ததும் சொன்னபடியே அபராதம்தான். "வேலைக்குப் பாதிப்பு வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை" என்பது மனதைத் தொடும் காரணம், சட்டத்தில் மட்டும் வலுக் குறைந்தது. அதை மட்டுமே வைத்து ஒரு தண்டனையை நம் கோர்ட்டுகள் ரத்து செய்யும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். பதிவில் ஓட்டையும் இருந்து, இதுவும் சேர்ந்தால் துணைக் காரணமாக நிற்கும்.

சரி, பதிவு பலவீனமாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எங்கே போவது? ஒப்புதல் செல்லாது என்பதைச் சொல்ல வழக்கமான வழி சீராய்வு மனு, அதாவது ரிவிஷன்; கீழ்க் கோர்ட் செய்தது சட்டப்படி சரியா என்று மேல் கோர்ட்டைப் பார்க்கச் சொல்லும் மனு. செஷன்ஸ் கோர்ட்டிலும் போடலாம், உயர் நீதிமன்றத்திலும் போடலாம், இரண்டில் ஒன்றில் மட்டும். திண்டுக்கல் மாவட்டம் என்பதால் உயர் நீதிமன்றம் என்றால் மதுரைக் கிளை. சீராய்வுக்குக் காலக்கெடு 90 நாள். செஷன்ஸ் கோர்ட்டில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். சான்றிட்ட நகல் வாங்க ஆன நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். உங்களுக்கு இரண்டும் எப்போதோ தாண்டிவிட்டன. காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் சேர்த்தே போட வேண்டும். காலக்கெடு சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி, போதுமான காரணம் காட்டினால் கோர்ட் மன்னிக்கலாம். இது நீதிபதியின் மனப்போக்கைப் பொறுத்து நிறைய மாறும் இடம். "வேலை கிடைத்த பிறகுதான் தெரிந்தது" என்று ஒரே வரியில் எழுதினால் அரசு வக்கீல் எழுந்து, ஆதாயம் தெரிந்ததும் வந்திருக்கிறார் என்பார். தம்பி அப்போது படித்துக்கொண்டிருந்தாரா, குடும்பத்தில் யாராவது படுத்திருந்தார்களா, சரிபார்ப்புக் கடிதம் எந்தத் தேதியில் வந்தது, அதற்குப் பிறகு எத்தனை நாளில் நகல் மனு போட்டீர்கள் என்று ஒவ்வொரு காலகட்டத்துக்கும் தாளோடு காரணம் சொன்னால் நிலைமை வேறு. கடிதம் வந்த பிறகு சும்மா இருக்கும் ஒவ்வொரு வாரமும் உங்களுக்கு எதிராகப் பேசும். நடைமுறைச் சட்டத்தின் பழைய 482, இப்போதைய 528-இன் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு இருக்கும் உள்ளார்ந்த அதிகாரத்துக்கு நாள் கணக்கு எழுதப்படவில்லை. ஆனாலும் அங்கேயும் ஏன் தாமதம் என்ற கேள்வி வரத்தான் செய்யும்.

இங்கே நான் உங்களை நிறுத்தி ஒரு விஷயத்தை யோசிக்கச் சொல்வேன். பலர் இதைக் கவனிக்காமல் உள்ளே போய் மாட்டிக்கொள்கிறார்கள். ஒப்புதல் செல்லாது என்று மேல் கோர்ட் சொன்னால் தம்பி விடுதலை ஆகிவிட மாட்டார். வழக்கம் போல வரும் உத்தரவு, "தண்டனை ரத்து, வழக்கு மீண்டும் மாஜிஸ்திரேட்டுக்கு" என்பதுதான். அந்த நிமிஷத்திலிருந்து தம்பி ஒரு நிலுவை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர். நியமன அதிகாரிக்கு, அபராதத்தோடு முடிந்த பழைய வழக்கைவிட நடந்துகொண்டிருக்கும் வழக்கு இன்னும் பெரிய தடையாகத் தெரியலாம். சாட்சிகள் வந்து சொன்னால் தண்டனை பழையதைவிடக் கூடவும் வாய்ப்புண்டு. ரத்து என்ற சொல் காதுக்கு இனிமையாக இருக்கிறது என்பதற்காக அதன் பின்னால் ஓட வேண்டாம்.

அதனால் நான் உங்களுக்கு அதிகம் சொல்ல விரும்புவது வேறொரு வழி. மேல்முறையீட்டில் தண்டனையைப் பற்றி மட்டும் பேசலாம் என்று மேலே சொன்னேன் இல்லையா, ஏதோ ஆறுதலுக்குக் கொடுத்தது போல இருக்கும் அந்தச் சின்ன வாசலில்தான் தம்பிக்குத் தேவையானது இருக்கிறது. 1958-ஆம் வருடக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் என்று ஒன்று உண்டு. அதன் 3-ஆவது பிரிவுப்படி, இரண்டு வருடத்துக்கு மேல் சிறை விதிக்க முடியாத குற்றங்களில், முன்பு தண்டனை எதுவும் இல்லாதவரை, தண்டிக்காமல் கண்டித்து மட்டும் விட்டுவிடலாம். தம்பியின் மூன்று பிரிவுகளும் இந்த வரம்புக்குள்ளேயே வருகின்றன. 4-ஆவது பிரிவுப்படி நன்னடத்தைப் பிணையிலும் விடலாம். இந்த உத்தரவை மாஜிஸ்திரேட் மட்டும்தான் போட வேண்டும் என்றில்லை. மேல்முறையீட்டிலோ சீராய்விலோ மேல் கோர்ட்டும் போடலாம் என்று 11-ஆவது பிரிவு சொல்கிறது. கூடவே, நன்னடத்தைச் சட்டத்தைப் பயன்படுத்த வாய்ப்பிருந்தும் பயன்படுத்தாத கோர்ட், ஏன் என்று காரணம் எழுத வேண்டும் என்று பழைய நடைமுறைச் சட்டத்தின் 361-ஆவது பிரிவும் (இப்போது 402) இருக்கிறது. அபராத வழக்குகளில் அந்தக் காரணத்தை எழுதிய தீர்ப்பை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். 20 வயது, முதல் வழக்கு, திருவிழாத் தகராறு, காரணம் எழுதப்படவில்லை. இந்த நான்கையும் வைத்து, அபராதத்துக்குப் பதிலாகக் கண்டித்து மட்டும் விடும் உத்தரவாக மாற்றக் கேட்பது சட்டத்துக்கு உட்பட்ட, நியாயமான கோரிக்கை. ஒப்புதலை எதிர்த்து ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. 375-இன் தடையும் இங்கே வராது. வழக்கு மறு விசாரணைக்கும் போகாது. தாமத மன்னிப்பு மட்டும் இதற்கும் வேண்டும்.

சின்ன அபராதத்துக்கு மேல்முறையீடே இல்லை என்று யாராவது சொல்லலாம். அந்த விதியும் உண்டு. ஆனால் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் விதித்த அபராதம் 100 ரூபாய்க்குள், சுருக்க விசாரணையில் 200 ரூபாய்க்குள் இருந்தால்தான் அது பொருந்தும். 2,500 ரூபாய் அதைத் தாண்டியது. "கோர்ட் கலையும் வரை சிறை" என்று ஒரு வரியும் தீர்ப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். அன்றைக்கு மாலை வரை கோர்ட்டில் உட்கார்ந்திருந்ததாகவே தம்பி நினைத்திருப்பார். காகிதத்தில் அது சிறைத் தண்டனை. 21 வயதுக்குக் குறைந்தவருக்குக் காரணம் எழுதாமல் சிறை விதிக்கக் கூடாது என்று நன்னடத்தைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு சொல்வதால், அப்படி ஒரு வரி இருந்தால் உங்கள் மேல்முறையீடு இன்னும் பலப்படும்.

இந்த வழியை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் 12-ஆவது பிரிவு. 3 அல்லது 4-ஆவது பிரிவில் விடப்பட்டவருக்கு, தண்டனையோடு ஒட்டி வரும் தகுதியிழப்பு எதுவும் பொருந்தாது என்கிறது அது. ஆனால் இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். செல்லப்பன் வழக்கிலும் (1975) பக்ஷி ராம் வழக்கிலும் (1990) உச்ச நீதிமன்றம் பேசியது ஏற்கெனவே அரசு வேலையில் இருந்தவர்களைப் பற்றி. தகுதியிழப்பு நீங்குவதால் குற்றம் செய்தார் என்ற முடிவு அழிந்துவிடாது, அந்த நடத்தையைப் பார்த்து நிர்வாகம் நடவடிக்கை எடுப்பதை 12-ஆவது பிரிவு தடுக்காது என்பது அங்கே வந்த சாரம். புதிதாக வேலைக்குச் சேருகிறவருக்கு இது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதில் தீர்ப்புகள் ஒரே மாதிரி இல்லை. என் அபிப்பிராயத்தில், எழுத்தர் வேலை மாதிரிப் பணிக்கு, 20 வயதில் நடந்த கைகலப்புக்கு, கண்டிப்போடு விட்ட உத்தரவைக் கையில் வைத்திருப்பவரின் நிலை, அபராதத் தண்டனையோடு நிற்பவரின் நிலையைவிடத் தெளிவாக மேல். இது என் கணிப்புதான், உத்தரவாதம் இல்லை.

எதிர்த் தரப்பு இப்போது சமாதானமாக இருக்கிறதா? ஒரே ஊர் என்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். 323-உம் 506-உம் பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் இணக்கமாக முடித்துக்கொள்ளத்தக்க குற்றங்கள். தண்டனைக்குப் பிறகும் மேல்முறையீடு அல்லது சீராய்வு நிலுவையில் இருக்கும்போது கோர்ட் அனுமதியோடு முடிக்கலாம். அப்படி முடித்தால் அது விடுதலைக்குச் சமம் என்று சட்டமே சொல்கிறது. சிக்கல் 294(பி)-யில். அது இணக்கம் செய்ய முடியாத பிரிவு. அதற்கு உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தனிப்பட்ட தகராறுகளில் இரு தரப்பும் சமாதானமானால் இணக்கம் செய்ய முடியாத குற்றத்தையும் ரத்து செய்யலாம் என்று 2012-ல் கியான் சிங் வழக்கில் சொன்ன உச்ச நீதிமன்றம், தண்டனை விதித்த பிறகும்கூட, கொடிய குற்றமாக இல்லாவிட்டால் அப்படிச் செய்யலாம் என்று 2021-ல் ராம்கோபால் வழக்கில் சொன்னது. அங்கே மேல்முறையீடு நிலுவையில் இருந்தது, உங்களுக்கு எதுவும் நிலுவையில் இல்லை என்ற வித்தியாசத்தை மறக்க வேண்டாம். பாதிக்கப்பட்டவர் மதுரைக்கு நேரில் வந்து, யாரும் மிரட்டாமல் சொல்கிறேன் என்று நீதிபதி முன் சொல்லத் தயாராக இருந்தால், எனக்குத் தெரிந்த வழிகளில் கறையை முழுசாகத் துடைக்கக் கூடியது இது ஒன்றுதான். அவரிடம் பேசும்போது பெரியவர் ஒருவரை வைத்துப் பேசுங்கள். பணம் கொடுத்து, மிரட்டி எதையும் செய்ய வேண்டாம். அதுவே புது வழக்காகிவிடும்.

வேலையைப் பற்றித் தனியாக. 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னதைத்தான் இன்று எல்லாத் துறைகளும் எடுத்துப் பார்க்கின்றன. உண்மையைச் சொன்னவரின் பின்னணியைப் பரிசீலிக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு, ஆனால் குற்றத்தின் தன்மை, வயது, பதவி எல்லாவற்றையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். சின்ன விஷயமாக இருந்தால், மறைத்ததைக்கூட மன்னிக்கலாம். பெரும்பாலும் வேலையைப் பறிப்பது பழைய அடிதடி இல்லை, அதை மறைத்தது. சீருடைப் பணியாக இருந்தால் நான் இவ்வளவு நம்பிக்கையாக எழுத மாட்டேன். தமிழ்நாடு காவல் துறைப் பணி விதிகளில், சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானவரையும்கூட குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டும் என்று இருக்கிறது. குரூப் 4 பணிகளுக்கு அந்த விதி இல்லை என்பது உங்கள் தம்பிக்கு நல்ல விஷயம். பாஸ்போர்ட்டைப் பற்றியும் பயப்பட வேண்டாம். பாஸ்போர்ட் மறுக்க, கடந்த ஐந்து வருடத்துக்குள் ஒழுக்கக் கேடான குற்றத்தில் குறைந்தது இரண்டு வருடச் சிறை விதிக்கப்பட்டிருக்க வேண்டும். அபராதம் அந்த வரம்புக்குள் வராது.

இதைப் படிக்கும் வேறு சிலருக்காக ஒரு வார்த்தை. பிளீ பார்கெய்னிங், அதாவது எதிர்த் தரப்போடு பேசி, குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனையோடு முடித்துக்கொள்ளும் முறை, 2006 ஜூலை முதல் நம் நாட்டில் சட்டப்படி இருக்கிறது. அந்த அத்தியாயத்தின் கீழ் மனுப் போட்டு முடித்திருந்தால் கதவு இன்னும் இறுக்கமானது. தண்டனையின் அளவைப் பற்றிக்கூட மேல்முறையீடு கிடையாது. உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு அல்லது உயர் நீதிமன்றத்தில் ரிட் மட்டும்தான். உங்கள் தம்பி செய்தது அது இல்லை.

செய்ய வேண்டிய வேலை இனி. அந்தக் கோர்ட்டில் நகல் மனுப் போட்டு, தீர்ப்பு, டாக்கெட் ஷீட் (ஒவ்வொரு நாளும் கோர்ட்டில் நடந்ததை எழுதும் தாள்), குற்றச்சாட்டு விவரம் கேட்ட பதிவு, குற்றப் பத்திரிகை, வக்காலத்து ஆகியவற்றின் சான்றிட்ட நகல் வாங்குங்கள். வழக்கு எண் தெரியாவிட்டால் ஈகோர்ட்ஸ் தளத்தில் பெயரை வைத்தே தேடலாம். அபராத ரசீதில் இருக்கும் எண்ணும் உதவும். சின்ன வழக்குகளின் கோப்புகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்கள், அதனால் இதைத் தள்ளிப் போட வேண்டாம். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் உங்கள் தாலுகா கோர்ட்டிலேயே இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். வருமான வரம்புக்குள் இருந்தாலும், பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பாக இருந்தாலும் இலவச வக்கீல் கிடைப்பார். பழைய வக்கீல் மேல் பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கொடுக்கலாம். ஆனால் அதனால் தண்டனையில் ஒரு எழுத்தும் மாறாது. அந்த நேரத்தையும் பணத்தையும் தாமத மன்னிப்பு மனுவில் போடுங்கள்.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை, என் பதிலில் பாதி அதைப் பொறுத்தது. குரூப் 4 விண்ணப்பத்திலோ சரிபார்ப்புப் படிவத்திலோ, குற்ற வழக்கு அல்லது தண்டனை உண்டா என்ற கேள்விக்குத் தம்பி என்ன எழுதினார்? "உண்டு" என்று எழுதியிருந்தால், நன்னடத்தைச் சட்ட வழியை உடனே தொடங்கி, அது நிலுவையில் இருப்பதையும் நியமன அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்கலாம். "இல்லை" என்று எழுதியிருந்தால், கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பே, விளக்கக் கடிதம் கேட்டு வருவதற்கும் முன்பே, நடந்ததைத் தானாக முன்வந்து ஒரு கடிதத்தில் சொல்லிவிடுவது நல்லது. அந்தக் கடிதத்தை வக்கீலிடம் காட்டாமல் அனுப்ப வேண்டாம். படிவத்தில் இருந்த கேள்வியின் சரியான வாசகத்தையும், தம்பி எழுதிய பதிலையும், டாக்கெட் ஷீட்டில் ஒப்புதலைப் பதிவு செய்திருக்கும் அந்த வரியையும், பெயர்களை எடுத்துவிட்டு எழுதுங்கள். சீராய்வா, தண்டனைக்கு எதிரான மேல்முறையீடா, மதுரையில் ரத்து மனுவா என்பதை அதைப் பார்த்த பிறகு இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.